அம்மா கலிபோர்னியா போகிறார், கவுன்சலர் ஜார்ஜியாவில்: வீடியோவில் தொடர முடியாதா?

அட்லாண்டா மகள் (மார்ச் 2025)
அப்பா தவறிய பிறகு அம்மா என்னோடுதான் இருக்கிறார். தூக்கம் போய், சாப்பாடு குறைந்து, பேச்சே நின்றுபோனவரை இங்கே தமிழ் பேசும் ஒரு கவுன்சலரிடம் அழைத்துப் போனோம். இப்போது வாராவாரம் வீடியோவில் பேசுகிறார். "ஒரு ஆளுக்கு உலை வைக்க கை வரலைன்னு சொன்னேன். அந்தப் பொண்ணுக்குப் புரிஞ்சுது" என்றார் போன வாரம். அடுத்த மாதம் ஃப்ரீமான்ட்டில் தம்பி வீட்டுக்குப் போகிறார், நான்கு மாதம். "எனக்குக் கலிபோர்னியா லைசென்ஸ் இல்லை, அங்கே போனால் தொடர முடியாது" என்கிறார் கவுன்சலர். பேசப்போவது அதே இருவர்தானே? இந்தச் சட்டம் மாறவே மாறாதா?

ஓஹியோ கவுன்சலர்
நானும் இதே தொழில்தான். அவர் சொன்னது சரி. பேச வருபவர் அந்த நேரத்தில் எந்த மாநிலத்தில் இருக்கிறாரோ, அந்த மாநிலத்தின் சட்டம்தான் செல்லும். காரணமும் உண்டு. ஒருவர் உயிரை விடப்போவதாகச் சொன்னால், அவரைக் கட்டாயப் பரிசோதனைக்கு அனுப்ப ஜார்ஜியாவில் 1013 படிவம், கலிபோர்னியாவில் 5150 பிரிவு. வழிமுறையே வேறு. கவுன்சலர் தவறு செய்தால் புகாரை விசாரிக்க, லைசென்ஸ் கொடுக்கும் ஒரு போர்டும் அந்த மாநிலத்தில் வேண்டும்.

ஆனால் அதற்காக மாநிலத்துக்கு மாநிலம் புது லைசென்ஸ் எடுக்கச் சொல்வது எனக்கு ஒப்பவே இல்லை. கவுன்சலர்களுக்கு லைசென்ஸ் கொடுக்க 1976இல் வர்ஜீனியா தொடங்கியது, கடைசியாக 2009இல்தான் கலிபோர்னியா வந்தது. அவரவர் தனித்தனியாகச் சட்டம் போட்டதில், இதே வேலைக்கான லைசென்ஸ் ஜார்ஜியாவில் எல்பிசி, ஓஹியோவில் எல்பிசிசி, நியூயார்க்கில் எல்எம்எச்சி. பெயர்கூட ஒன்றில்லை.

இதைச் சரிசெய்ய வந்ததுதான் கவுன்சலிங் காம்பாக்ட், மாநிலங்களுக்கு இடையிலான ஓர் ஒப்பந்தம். ஒரு மாநிலத்தில் முழு லைசென்ஸ் இருந்தால், இதில் சேர்ந்த மற்ற மாநிலங்களில் அனுமதி வாங்கி, அங்கே இருப்பவர்களுக்கும் கவுன்சலிங் கொடுக்கலாம். 2021இலேயே ஜார்ஜியாவும் மேரிலாந்தும் சட்டம் போட்டுச் சேர்ந்துவிட்டன. எங்கள் ஓஹியோ 2022இல். இப்போது முப்பது மாநிலங்களுக்கும் மேல். ஆனால் 2025 மார்ச் வரை ஒரு கவுன்சலருக்குக்கூட அனுமதி கொடுக்கத் தொடங்கவில்லை! கலிபோர்னியா சேரவே இல்லை. நம் பெற்றோர் மகன் வீடு, மகள் வீடு என்று மாறி மாறி இருப்பவர்கள். இந்தத் தாமதத்தில் அடிபடுவது அவர்கள்தான்.

உங்களுக்கு ஒரு வழி இருக்கிறது. 2024 ஜனவரியில் கலிபோர்னியாவில் ஒரு சட்டம் அமலுக்கு வந்தது: வெளிமாநில கவுன்சலர், ஏற்கெனவே தான் பார்த்துவருபவர் அங்கே வந்திருந்தால், ஆண்டுக்கு ஒருமுறை தொடர்ந்து 30 நாள் பார்க்கலாம். முன்கூட்டியே அங்கே கவுன்சலர்களுக்கு லைசென்ஸ் கொடுக்கும் பிஹேவியரல் சயின்சஸ் போர்டுக்குத் தகவல் கொடுக்க வேண்டும். அவரிடம் இதைச் சொல்லுங்கள், பலருக்குத் தெரியாது.

ஃப்ரீமான்ட் வாசி
எதற்கு இவ்வளவு? ஜார்ஜியாவில் இருப்பதாகவே அம்மா சொல்லட்டும். யார் வந்து பார்க்கப்போகிறார்கள்?

ஓஹியோ கவுன்சலர்
தயவுசெய்து வேண்டாம். ஒவ்வொரு முறையும் "இப்போது எங்கே இருக்கிறீர்கள்?" என்று நாங்கள் கேட்டுக் குறித்துவைப்பது சடங்குக்காக அல்ல. ஏதாவது அவசரம் என்றால் ஆம்புலன்ஸ் அந்த முகவரிக்குத்தான் போகும். அம்மா சொன்னது பொய் என்றால், அது அட்லாண்டா வீட்டு வாசலில் போய் நிற்கும். விஷயம் தெரிந்தே தொடர்ந்தால் அந்தக் கவுன்சலரின் லைசென்ஸும் போகலாம்.

அட்லாண்டா மகள்
30 நாள் விஷயம் அவருக்கும் தெரியவில்லை. போர்டுக்கு இன்றே எழுதுகிறேன் என்றார். அதற்குப் பிறகு மூன்று மாதம் இருக்கிறதே?

ஓஹியோ கவுன்சலர்
அந்த 30 நாளுக்குள் கலிபோர்னியா லைசென்ஸ் உள்ள தமிழ் கவுன்சலரைத் தேடுங்கள். ஃப்ரீமான்ட் இருக்கும் பே ஏரியாவில் தேடினால் கிடைக்க வாய்ப்பு அதிகம். அம்மா கையெழுத்துப் போட்டுச் சம்மதம் கொடுத்தால் பழைய கவுன்சலரும் புது கவுன்சலரும் ஒருமுறை பேசிக்கொள்ளலாம். அம்மா முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்லி அழ வேண்டியதில்லை. தம்பி அங்கே வாக்காளர் என்றால், காம்பாக்டில் சேரச் சொல்லித் தன் தொகுதி அசெம்ப்ளி உறுப்பினருக்கு எழுதட்டும், அம்மாவின் கதையோடு.