தத்துவமும் பொதுக் கொள்கையும் படிக்கும் குழு: ஒன்பது பேர் மூன்று பேராகிவிட்டோம், என்ன செய்யலாம்?

கரையோரம்:

ஐந்து மாதத்துக்கு முன் இணையத்தில் ஒரு வாசிப்புக் குழு ஆரம்பித்தேன். தத்துவத்தையும் பொதுக் கொள்கையையும் சேர்த்துப் படிப்பது என்று திட்டம், வாரம் ஒரு நாள், ஒன்றரை மணி நேரம். ஒன்பது பேர் சேர்ந்தார்கள். இந்தத் துறையில் அதுதான் பெரிய புத்தகம் என்று ஆளாளுக்குச் சொன்னதால் அமெரிக்கத் தத்துவவாதி ஜான் ரால்ஸின் ‘எ தியரி ஆஃப் ஜஸ்டிஸ்’ எடுத்தோம். 1971-இல் வந்தது, ஏறத்தாழ 600 பக்கம். ஆறாவது வாரம் ஐந்து பேர். இப்போது மூன்று பேர், அதில் ஒருவர் மைக்கை அணைத்துவிட்டு வேறு வேலை பார்க்கிறார் என்று எனக்குச் சந்தேகம்.

எங்கள் கூட்டம் இரண்டு விதமாகத்தான் கெட்டுப்போகும். ஒன்று, சொல்லில் சிக்கிக்கொள்வோம். படிப்பது ஆங்கிலத்தில், பேசுவது தமிழில் என்பதால், ஜஸ்டிஸ் என்றால் நீதியா நியாயமா, நியாயம் என்றால் அப்புறம் ஃபேர்னஸுக்கு என்ன சொல்வது என்று ஒரு நாள் நாற்பது நிமிடம் போனது. இல்லையென்றால் யாராவது அன்றைய செய்தியை எடுப்பார், புத்தகம் ஓரமாகப் போய்விடும், மிச்ச நேரமெல்லாம் கட்சிச் சண்டை. எப்படிப் போனாலும் பேசுவது இரண்டே பேர்.

புத்தகத்தைப் பாதியில் விடலாமா? சின்னதாக எதைப் படிக்கலாம்? கொள்கையை உள்ளே கொண்டுவந்தால் செய்தி விவாதமாகிவிடுகிறது, அதற்கு என்ன வழி?

பென்சில்குறிப்பு:

ரால்ஸை முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை படிக்கச் சொன்னது யார் நண்பரே? அவரே சொல்லவில்லை. முன்னுரையைப் பாருங்கள், சுருக்கு வழியை அவரே கொடுத்திருக்கிறார்: 1 முதல் 4 வரையான பிரிவுகள், அங்கிருந்து நேரே 11 முதல் 17, பிறகு மூன்றாம் அத்தியாயம் முழுவதும், அப்புறம் நான்காம் அத்தியாயத்தில் சில பிரிவுகள். முன்னுரையைத் தாண்டிப் போகிறவர்கள்தான் 600 பக்கத்தில் மூழ்குகிறார்கள் (நானும் ஒரு காலத்தில் மூழ்கியவன்தான்).

ஆனால் மூன்று பேர் மிஞ்சிய குழுவுக்கு இப்போது அதுவும் வேண்டாம். ஒரே அமர்வில் முடிகிற கட்டுரை எடுங்கள். தத்துவவாதி பீட்டர் சிங்கர் 1972-இல் பஞ்சமும் உதவியும் பற்றி எழுதியது பதினைந்து பக்கம்தான். குளத்தில் மூழ்கும் குழந்தையைக் காப்பாற்ற இறங்கினால் உடை சேறாகும், அதற்காக யாரும் கரையில் நிற்க மாட்டோம். அப்படியானால் தொலைவில் பசியால் சாகிறவர் விஷயத்தில் மட்டும் ஏன் நிற்கிறோம் என்பது கேள்வி. 1971 நவம்பரில், கிழக்கு வங்க அகதிகள் செத்துக்கொண்டிருந்தபோது உட்கார்ந்து எழுதியது, அந்த அவசரம் வரிக்கு வரி தெரியும். உங்களுக்கு வேண்டிய கொள்கைக் கேள்வியும் அதற்குள்ளேயே இருக்கிறது. உதவி செய்வது அரசாங்கத்தின் வேலை, தனி ஆள் கொடுத்தால் அரசு தப்பித்துக்கொள்ளும் என்ற எதிர்வாதத்தை அவரே எடுத்துப் பதில் சொல்கிறார். அந்தப் பதில் போதுமா என்று மட்டும் பேசினாலே ஒன்றரை மணி நேரம் பத்தாது.

மெதுவாசகி:

பென்சில்குறிப்பு சொல்வதில் பாதிதான் ஒப்புக்கொள்வேன். வாரம் ஒரு கட்டுரை என்று ஓடும் குழுவில் இரண்டு வருடம் இருந்தேன், நிறையப் படித்தோம், ஒன்றும் நிற்கவில்லை. இப்போதைய குழுவில் யாரும் வீட்டுப்பாடம் செய்ய வேண்டியதில்லை, வந்து உட்கார்ந்து சத்தமாக ஒரு பத்தி படிப்போம், நிறுத்துவோம், அவ்வளவுதான். படிக்காமல் வந்த குற்ற உணர்ச்சியில் வராமலே போகிறவர்கள்தான் அதிகம், அந்தக் காரணத்தை எடுத்துவிட்டால் ஆட்கள் நிற்பார்கள்.

தனிமனித சுதந்திரம் பற்றித் தத்துவவாதி மில் எழுதிய ‘ஆன் லிபர்ட்டி’ (1859) கடைசி அத்தியாயத்தில் ஒரு பாலம் வரும். இடியப்போகும் பாலத்தில் ஒருவர் ஏறப்போகிறார், எச்சரிக்க நேரமில்லை, பிடித்து இழுக்கலாமா? இழுக்கலாம், ஏனென்றால் ஆற்றில் விழுவது அவர் விருப்பமில்லை என்கிறார் மில். ஆனால் இடியுமா இடியாதா என்று உறுதியில்லாமல் வெறும் ஆபத்து மட்டும் என்றால், எச்சரிக்கலாம், தடுக்கக் கூடாது. இந்த ஒரு பத்தியை வைத்துக்கொண்டு ஹெல்மெட் சட்டத்தையும் சிகரெட் பெட்டியில் போடும் எச்சரிக்கைப் படத்தையும் எடுத்துப் பேசினோம். பத்தி கண் முன்னால் இருப்பதால், ‘நீங்கள் சொல்வது எந்த வரியில் இருக்கிறது?’ என்று கேட்கலாம். கட்சிச் சண்டைக்கு எனக்குத் தெரிந்த ஒரே மருந்து இந்தக் கேள்விதான்.

அப்புறம் அந்த நீதி/நியாயம் நாற்பது நிமிடத்தை வீண் என்று நினைக்காதீர்கள். ரால்ஸே மூன்றாவது பிரிவில் இதைத் தொடுகிறார்: ‘கவிதையை உருவகமாகப் பார்ப்பது’ என்றால் இரண்டும் ஒன்று என்று ஆகாது, அதுபோலத்தான் ‘ஜஸ்டிஸ் ஆஸ் ஃபேர்னஸ்’ என்ற தன் சொற்றொடரும் என்று. அந்த வரியைப் படித்திருந்தால் உங்கள் சண்டை இருபது நிமிடத்தில் முடிந்திருக்கும்.

கணக்குப்பிள்ளை:

கொள்கையை உள்ளே கொண்டுவர வேண்டாம், அதற்குள் ஏற்கெனவே தத்துவம் ஒளிந்திருக்கும், அதைத் தேடுங்கள். முக்கால்வாசி ஒரு எண்ணுக்குப் பின்னால் இருக்கும்.

ஒரு உதாரணம் சொல்கிறேன், எங்கள் குழுவில் மிக நன்றாகப் போன அமர்வு இதுதான். நூறு ஆண்டு கழித்து வரும் 100 என்ற அளவு இழப்பை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவாருங்கள். ஆண்டுக்கு 1 சதவீதம் கழித்தால் 37 வரும். 5 சதவீதம் என்றால் ஒன்றுகூட வராது. பருவநிலை மாற்றத்துக்கு இப்போதே செலவு செய்ய வேண்டுமா என்ற வாதத்தில் பெரும்பகுதி இங்கேதான் தீர்மானமாகிறது. 2006-இல் பருவநிலை மாற்றத்தின் பொருளாதாரம் பற்றிப் பிரிட்டிஷ் அரசுக்காக எழுதப்பட்ட ஸ்டெர்ன் அறிக்கை, பின்னால் பிறப்பவர் என்பதற்காக மட்டும் ஒருவரைக் குறைத்து மதிப்பிடக் கூடாது என்று எடுத்துக்கொண்டு, வெறும் காலத்துக்கான கழிவாக ஆண்டுக்கு 0.1 சதவீதம் வைத்தது, அதுவும் மனித இனமே அழிந்துபோகும் வாய்ப்புக்காக. அமெரிக்கப் பொருளாதார அறிஞர் நார்ட்ஹாஸ், மக்கள் உண்மையில் எப்படிச் சேமிக்கிறார்கள், சந்தையில் என்ன விகிதம் என்று பார்த்து 1.5 வைத்தார். (மொத்த விகிதத்தில் பொருளாதார வளர்ச்சி பற்றிய ஊகமும் சேரும், அது தனிக் கதை.) இதைவிட வெகு முன்னால், 1928-இலேயே ஆங்கிலேயத் தத்துவவாதி ராம்சி, பின்னால் வருவதைக் குறைத்து மதிப்பது அறத்தால் நியாயப்படுத்த முடியாதது, கற்பனை பலவீனத்தால் வருவது என்று எழுதிவிட்டார்.

எண்ணை முதலில் போட்டுக் காட்டினேன், யார் சொன்னது என்று சொல்லவில்லை. எந்தக் கட்சி எதை ஆதரிக்கும் என்று யாருக்கும் தெரியாததால் எல்லோரும் நிஜமாகவே யோசித்தார்கள். மெதுவாசகியின் முறை நல்லதுதான், ஆனால் பாலத்திலேயே நின்றுவிட்டால் பட்ஜெட் வரை வந்து சேர மாட்டீர்கள்.

கரையோரம்:

எல்லோருக்கும் நன்றி, அந்த முன்னுரையை இப்போதுதான் திறந்து பார்த்தேன், வெட்கமாக இருக்கிறது. அடுத்த வாரம் சிங்கர், சத்தமாகப் படித்தே. போனவர்களுக்கும் ஒரு மடல் போடுகிறேன், முன்கூட்டியே படிக்க வேண்டியதில்லை என்று. இரண்டே பேர் பேசிக்கொண்டிருக்கிற விஷயத்துக்கு மட்டும் யாரும் வழி சொல்லவில்லையே?

மெதுவாசகி:

பத்தி படித்ததும் மூன்று நிமிடம் யாரும் பேசக் கூடாது, ஆளுக்கு ஒரு கேள்வியை அரட்டைப் பெட்டியில் எழுத வேண்டும். அதிகம் பேசுகிற இருவரில் ஒருவரை அந்தக் கேள்விகளை வாசித்து வரிசைப்படுத்தும் வேலையில் போடுங்கள், அன்றைக்கு அவர் சொந்தக் கருத்து சொல்லக் கூடாது. அடுத்த வாரம் மற்றவர். இன்னொன்று, அந்த இருவரில் ஒருவர் நீங்களா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

கரையோரம்:

ஆமாம், நான்தான்.