வருஷா வருஷம் ஃப்ளூ ஊசி தேவையா? வடசென்னை வீடுகளில் நடந்தது

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு மகள்

அப்பாவுக்கு இப்போது 72 வயது. துறைமுகத்தில் நிலக்கரி இறங்கும் பக்கம் 28 வருஷம் வேலை பார்த்தவர். சின்ன வயதில் நான் பார்த்திருக்கிறேன், வேலை விட்டு வந்ததும் முதலில் கிணற்றடிக்குப் போய் மூக்கைச் சிந்துவார். கறுப்பாக வரும். பீடியும் பிடிப்பார். ஓய்வு பெற்று இரண்டு வருஷத்தில் மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்க ஆரம்பித்தது. சி.ஓ.பி.டி., அதாவது மூச்சுக்குழாய் சுருங்கி நாள்பட்டு வரும் நுரையீரல் நோய் என்று சீட்டில் எழுதி, டாக்டர் இன்ஹேலர் கொடுத்தார்.

2022 கார்த்திகை மாதம், விடாத மழை. வியாழக்கிழமை என் பையன் பள்ளிக்கூடத்திலிருந்து காய்ச்சலோடு வந்தான். அவனுக்கு மூன்று நாளில் விட்டுவிட்டது. ஆனால் அந்த மூன்று ராத்திரியும் தாத்தாவை ஒட்டிக்கொண்டுதான் படுத்திருந்தான். சனிக்கிழமை அப்பாவுக்குக் காய்ச்சல். அம்மா மிளகு ரசம் வைத்தார், ஆவி பிடிக்க வைத்தார். எங்களுக்கு டெங்கு பயம்தான் இருந்தது. ரத்தம் கொடுத்துப் பார்த்தோம், தட்டணுக்கள் சரியாக இருந்தன. அப்பாடா என்று இருந்துவிட்டோம்.

செவ்வாய்க்கிழமை ராத்திரி இரண்டு மணிக்கு அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி, தோள் தூக்கித் தூக்கி மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். கொரோனா நேரத்தில் வாங்கி வைத்த, ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு பார்க்கும் விரல் கருவியை மாட்டினேன். 84 காட்டியது. கை ஜில்லென்று இருந்ததால் தப்பாகக் காட்டுகிறதோ என்று தேய்த்து விட்டு மறுபடி மாட்டினேன். அதே 84. உடனே 108-க்குப் போன் செய்தோம்.

ஒன்பது நாள் மருத்துவமனை, அதில் நான்கு நாள் ஐசியு. தொண்டையில் சளி எடுத்துப் பார்த்ததில் இன்ஃப்ளுயன்சா ஏ, ஃப்ளூ வைரஸில் ஒரு வகை. அங்கே இருந்த டாக்டர் இரண்டு விஷயம் சொன்னார். ஃப்ளூவுக்கு மாத்திரை இருக்கிறது, ஆனால் காய்ச்சல் ஆரம்பித்து 48 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் அதன் முழுப் பலன் கிடைக்கும் என்றார். அடுத்ததாக, "இவருக்கு வருஷ ஊசி போடறீங்களா?" என்று கேட்டார். எந்த ஊசி என்று நான் திருப்பிக் கேட்டேன்.

எனக்கு இன்னும் ஆறாத விஷயம் இதுதான். நெஞ்சுச் சளிக்காக ஆறு வருஷம் மாதா மாதம் ஒரே இடத்தில் காட்டிவந்தோம். இன்ஹேலர் மாற்றினார்கள், எக்ஸ்ரே எடுத்தார்கள். இப்படி ஒரு ஊசி இருக்கிறது என்று ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. கொரோனா ஊசிக்குக் கால் கடுக்க வரிசையில் நின்றவர் அப்பா. சொல்லியிருந்தால் இதற்கும் நின்றிருப்பார்.

2023-லிருந்து தவறாமல் போடுகிறோம். நடுவில் 2024 மழைக்காலத்தில் அவருக்கு மறுபடி காய்ச்சல் வந்தது. வீட்டிலேயே நெபுலைசர் வைத்தோம், விரல் கருவியில் ஆக்சிஜன் 93-க்குக் கீழே போகவே இல்லை, ஐந்தாம் நாள் பேப்பர் வாங்கக் கடைக்கு நடந்தே போனார். அது ஃப்ளூதானா, ஊசியால்தான் லேசாகப் போனதா என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் அந்த ஒன்பது நாளைப் பார்த்தவள் என்ற முறையில், இந்த ஊசியை இனி நான் விடப்போவதில்லை.

உங்கள் வீடுகளில் எப்படி? நல்லது கெட்டது எல்லாவற்றையும் சொல்லுங்கள்.

பெரம்பூர்

எனக்கு 31 வயது. அலுவலகத்தில் முகாம் வைத்து எல்லாருக்கும் போட்டார்கள், நானும் போட்டுக்கொண்டேன். ஒன்பதாம் நாள் 102 டிகிரி காய்ச்சல், ஒரு வாரம் படுக்கை. சளி பிடிக்காமல் இருக்கத்தானே ஊசி? ஊசியாலேயே வந்ததோ என்றுகூட நினைத்தேன். அதற்கப்புறம் போடவில்லை, போடாத இரண்டு வருஷமும் எனக்கு ஒன்றும் வரவில்லை. அக்கா சொன்னதைப் படித்ததும் மனசு கஷ்டமாக இருந்தது. ஆனாலும் என் அனுபவம் இதுதான்.

ராயபுரம், கிளினிக் நர்ஸ்

பெரம்பூர் தம்பிக்கு முதலில். இங்கே நாங்கள் கையில் போடும் ஊசியில் உயிருள்ள வைரஸ் கிடையாது. செயலிழக்கச் செய்து, அதன் துண்டுகளைத்தான் மருந்தாக்குகிறார்கள். அது ஃப்ளூ காய்ச்சலைக் கொண்டுவர முடியாது. கை வலி, உடம்பு கணகணப்பு ஒன்றிரண்டு நாள் இருக்கும், அவ்வளவுதான். எதிர்ப்புச் சக்தி உருவாக இரண்டு வாரம் ஆகும். உங்களுக்கு ஒன்பதாம் நாள் வந்திருக்கிறது. ஊசி வேலை செய்ய ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே எங்கேயோ தொற்றியிருக்கலாம், அல்லது அது ஃப்ளூவே இல்லாமல் இருக்கலாம். சளிக் காய்ச்சலைக் கொண்டுவரும் வைரஸ் எத்தனையோ உண்டு, இந்த ஊசி இன்ஃப்ளுயன்சாவுக்கு மட்டும்தான்.

அதற்காக இது இரும்புக் கவசம் என்றும் நான் சொல்ல மாட்டேன். ஊசியில் இருக்கும் வகையும் ஊரில் சுற்றும் வகையும் நன்றாகப் பொருந்திய வருஷத்தில், மருத்துவரிடம் போகிற அளவுக்கு ஃப்ளூ வருவதை 40 முதல் 60 சதவீதம்தான் குறைக்கிறது. பொருந்தாத வருஷத்தில் இன்னும் குறைவு. வைரஸ் தன் மேல்தோலைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக்கொண்டே இருக்கும், அதனால்தான் வருஷா வருஷம் புது ஊசி. உலக சுகாதார நிறுவனம் பிப்ரவரியில் வட அரைக்கோளத்துக்கும் செப்டம்பரில் தென் அரைக்கோளத்துக்கும் எந்தெந்த வகையைச் சேர்க்க வேண்டும் என்று அறிவிக்கிறது. ஊசி போடும் முன் அட்டைப்பெட்டியைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். எந்த வருஷத்துக்கான மருந்து, எந்த அரைக்கோளம், எப்போது காலாவதி என்று அதிலேயே அச்சிட்டிருக்கும். கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

இன்னொன்று. மெடிக்கலில் வாங்கி, கைப்பையில் போட்டு, வெயிலில் பஸ் பிடித்து எடுத்து வருகிறார்கள். மனசே கேட்பதில்லை. 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டிய மருந்து அது. போன வருஷம் ஒரு பாட்டி பாலிதீன் கவரில் கொண்டுவந்தார், தொட்டுப் பார்த்தால் வெதுவெதுப்பு. அதைப் போட வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். 1,700 ரூபாய் வீண். பாட்டி அழுதே விட்டார். போடுகிற இடத்தின் ஃப்ரிட்ஜிலிருந்தே எடுத்துப் போடச் சொல்லுங்கள். வெளியில் வாங்கினால் ஐஸ் பேக் வைத்த டப்பாவில் கொண்டு வாருங்கள்.

பழைய வண்ணாரப்பேட்டை

நான் ஏமாந்த கதை. சுகாதார நிலையத்தில் என் குழந்தைக்கு ஒன்றரை, இரண்டரை, மூன்றரை மாதத்தில் பென்டாவேலன்ட் என்ற, ஐந்து நோய்க்கும் சேர்த்த ஒரே ஊசி போட்டார்கள். அட்டையில் அடங்கியிருக்கும் ஐந்தில் ஒன்று ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளுயன்சா டைப் பி என்று படித்தேன். ஓ, ஃப்ளூவுக்கும் சேர்த்துப் போட்டுவிட்டார்கள் என்று நிம்மதியாக இருந்துவிட்டேன். இரண்டு வயதில் ஃப்ளூ வந்து மூச்சு இறைத்தபோது குழந்தை டாக்டரிடம் அதையே சொன்னேன். அவர் பொறுமையாக விளக்கினார். அது வைரஸே இல்லை, ஒரு பாக்டீரியா. 1892-ல் ஜெர்மனியில் ஃபைஃபர் என்ற விஞ்ஞானி ஃப்ளூ நோயாளிகளின் சளியில் அதைப் பார்த்துவிட்டு அதுதான் ஃப்ளூவுக்குக் காரணம் என்று நினைத்தார், பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. மனிதரைத் தாக்கும் உண்மையான ஃப்ளூ வைரஸைக் கண்டுபிடித்தது 1933-ல். நூறு வருஷத்துக்கும் மேல் பழைய ஒரு பெயர்க் குழப்பம் வண்ணாரப்பேட்டையில் என்னையும் பிடித்துக்கொண்டது.

நம் ஊரில் அரசின் இலவசத் தடுப்பூசி அட்டவணையில் ஃப்ளூ ஊசி இல்லை, தனியாகத்தான் போட வேண்டும். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை வருஷா வருஷம் போடலாம் என்று குழந்தை மருத்துவர் சங்கம் சொல்கிறது. முதல் தடவை போடும் சின்னக் குழந்தைக்கு நான்கு வார இடைவெளியில் இரண்டு டோஸ். அந்த இரண்டாவதை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள், விடாதீர்கள்.

காசிமேடு

எல்லாரும் நல்லா சொல்றீங்க. நான் காசு கணக்கைப் பேசுகிறேன். வீட்டில் ஏழு பேர். ஒரு ஊசி 1,700 என்றால் ஏழு பேருக்கு 11,900. என் வீட்டுக்காரர் மீன்பிடி லாஞ்சில் பங்குக்குப் போகிறவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், வருமானம் கிடையாது, அரசாங்கம் கொடுக்கும் நிவாரணம் அரிசிக்கும் வட்டிக்கும் போய்விடும். தடை முடிந்து முதல் தடவை கடலுக்குப் போய் வந்தால் பள்ளிக்கூடச் செலவு வந்து நிற்கும்.

மாமியாருக்கு சுகர், 68 வயது. மாமனாருக்கு இழுப்பு. கடைசிக் குழந்தைக்கு மூன்று வயது. நாங்கள் இரண்டு பேரும் திடமாக இருக்கிறோம், பெரிய பசங்க இரண்டு பேரும் அப்படியே. யாருக்குப் போடுவது, யாரை விடுவது? யாரையாவது விடுவது என்றாலே நெஞ்சு அடைக்கிறது.

திருவொற்றியூர்

காசிமேட்டு அக்காவுக்கு நர்ஸ் அம்மா பதில் சொல்வார்கள். நான் என் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அண்ணனுக்கு 58 வயது. ஏற்கெனவே ஸ்டென்ட் வைத்தவர். கடும் காய்ச்சல், இருமல், நான்காம் நாள் மாரடைப்பு. காய்ச்சலுக்கும் மாரடைப்புக்கும் என்ன சம்பந்தம் என்று இதய டாக்டரிடம் கேட்டேன். கனடாவில் செய்து 2018-ல் வெளியான ஆய்வு ஒன்றைச் சொன்னார். ஃப்ளூ உறுதியான முதல் ஏழு நாளில் மாரடைப்பு வரும் வாய்ப்பு மற்ற நாட்களைவிட ஆறு மடங்கு. உடம்பு முழுக்க அழற்சி, இதயம் வேகமாக அடிக்க வேண்டியிருக்கிறது, ரத்தம் உறையும் தன்மையும் கூடுகிறது. அண்ணன் பிழைத்துக்கொண்டார். ஆனால் முன்போல் வண்டி மிதிக்க முடியவில்லை. நெஞ்சுச் சளிக்காரர்களுக்கு மட்டும்தான் இந்த ஊசி என்று நினைக்காதீர்கள். இதய நோயாளி வீட்டில் இருந்தால் அவர்தான் முதல் ஆள்.

மண்ணடி

அம்மா ஹஜ்ஜுக்குக் கிளம்பும்போது மூளைக்காய்ச்சல் ஊசியோடு, வயதானவர் என்பதால் ஃப்ளூ ஊசியும் போட்டார்கள். அந்தக் கூட்டத்தில் அவருடன் போனவர்கள் பலர் இருமிக்கொண்டே திரும்பினார்கள், அம்மாவுக்குத் தொண்டைக் கரகரப்போடு நின்றது. திரும்பி வந்த அடுத்த வருஷம் அவரே கேட்டார், "பயணம் போனாத்தான் போடுவீங்களா, வீட்ல இருந்தா போட மாட்டீங்களா?" என்று. இப்போது நோன்பு முடிந்ததும் போடுவது வழக்கமாகிவிட்டது.

ராயபுரம், கிளினிக் நர்ஸ்

காசிமேட்டு அக்கா, நெஞ்சு அடைக்க வேண்டாம். எல்லாருக்கும் முடிந்தால் நல்லது. முடியாதபோது முதலில் மாமியார், மாமனார், சின்னக் குழந்தை. நம் பக்கத்தில் ஃப்ளூ அதிகமாகத் தலைகாட்டுவது வடகிழக்குப் பருவமழையை ஒட்டித்தான். அதனால் ஆடி, ஆவணியில் போட்டால் ஐப்பசிக்குள் உடம்பு தயாராக இருக்கும். உங்களுக்கும் அப்போது தடைக்காலம் முடிந்து இரண்டு மாத வரும்படி கையில் இருக்கும். குழந்தைக்கு இதுதான் முதல் தடவை என்றால் இரண்டு டோஸ், அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஊசி போடாத நான்கு பேருக்கும் காய்ச்சல் வந்தால் முதல் நாளே பெரியவர்களிடமிருந்து தள்ளிப் படுங்கள், முகக்கவசம் போடுங்கள். பெரியவர்களுக்குக் காய்ச்சல் கண்டால் இரண்டு நாளைக்குள் டாக்டரிடம் காட்டுங்கள். மெடிக்கலில் ஆன்டிபயாடிக் கேட்டு வாங்காதீர்கள், வைரஸை அது ஒன்றும் செய்யாது. வீட்டில் கர்ப்பிணி யாராவது இருந்தால் அவரும் முன்வரிசையில் வர வேண்டும். எந்த மாதமானாலும் போடலாம், பிறக்கும் குழந்தைக்கும் முதல் சில மாதம் அந்தப் பாதுகாப்பு கிடைக்கும்.

பெரம்பூர்

நர்ஸ் அம்மா சொன்னது புரிந்தது. எனக்காக என்றால் இப்போதும் யோசிப்பேன். ஆனால் எங்கள் வீட்டில் ஆயா இருக்கிறார், 80 வயது, சாப்பாடு ஊட்டுவது நான்தான். இதை நான் அந்தக் கோணத்தில் நினைத்துப் பார்க்கவே இல்லை.

தண்டையார்பேட்டை மகள்

தம்பி, என் பையன் தாத்தாவை ஒட்டிப் படுத்த அந்த மூன்று ராத்திரிதான் எனக்கு ஞாபகம் வருகிறது. அவன் மேல் தப்பே இல்லை, பத்து வயதுப் பிள்ளை. ஆனால் அப்பா ஐசியுவில் இருந்தபோது "நான்தான் தாத்தாவுக்குக் கொடுத்தேனா?" என்று கேட்டான். என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் தலையைத் தடவிக்கொடுத்தேன். அடுத்த வருஷத்திலிருந்து அப்பாவுக்குப் போடும் அன்றே அவனுக்கும் எனக்கும் போட்டுக்கொள்கிறோம். வீட்டுக்காரர் மட்டும் பிடிகொடுக்க மாட்டேன் என்கிறார். முழு ஆரோக்கியமாக இருப்பவர், அவரைக் கட்டாயப்படுத்த எனக்கு நியாயம் குறைவு என்றுதான் தோன்றுகிறது.

காசிமேட்டு அக்கா, நான் மாதம் 500 ரூபாய் இதற்கென்றே தனி டப்பாவில் போடுகிறேன். மூன்று ஊசிக்கு வருஷத்துக்கு 5,100 ஆகிறது. அந்த ஒன்பது நாளுக்கு நாங்கள் கட்டிய பில் 1,80,000, அதில் பாதி அம்மாவின் வளையல்.

காசிமேடு

ஆவணியில் சீட்டு ஒன்று எடுக்க வேண்டியிருக்கிறது. அதில் 6,800 முதலில் ஒதுக்கிவிடுகிறேன், இரண்டு பெரியவர்களுக்கும் குழந்தையின் இரண்டு டோஸுக்கும். மாமனார் ஊசி என்றால் ஓடிவிடுவார். நர்ஸ் அம்மா, உங்கள் கிளினிக்கில் சாயங்காலம் போடுவீர்களா? காலையில் ஏலத்துக்குப் போய்விடுவேன், நான் கூட வந்தால்தான் அவர் உட்காருவார்.

ராயபுரம், கிளினிக் நர்ஸ்

ஆறு மணிக்கு மேல் கூட்டிக்கொண்டு வாருங்கள். மாமனார் தினமும் போடும் மாத்திரைச் சீட்டையும் எடுத்து வாருங்கள். நிமோனியாவுக்கு என்று வேறு ஒரு ஊசி இருக்கிறது, இழுப்பு இருப்பதால் அவருக்கு அது தேவையா என்று டாக்டரே பார்த்துச் சொல்லட்டும்.