மறு: ஏர்ஸ்பீடுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம் ஐயா, மற்ற நண்பர்களுக்கும் வணக்கம். ஏர்ஸ்பீடுக்கு, அதாவது சுற்றியுள்ள காற்றோடு ஒப்பிட்டு விமானம் போகும் வேகத்துக்கு, நீங்கள் சொன்ன பெயர் இது:

> 'காற்றுவேகம்' என்றே வைத்துக்கொள்ளலாம். 'சுட்டிய காற்றுவேகம்', 'உண்மைக் காற்றுவேகம்' என்று பிரித்தால் போதும்.

'சுட்டிய' என்பது கருவி காட்டும் வேகம் (indicated), 'உண்மை' என்பது காற்றினூடே விமானம் நிஜமாகப் போகும் வேகம் (true). எனக்கு இரண்டு இடத்தில் இடிக்கிறது. வானிலை அறிக்கையில் வரும் 'காற்றின் வேகம்' வீசும் காற்றுக்கு உரியது. விமானத்துக்கும் அதையே வைத்தால் 'காற்றுவேகத்திலிருந்து எதிர்க்காற்றின் வேகத்தைக் கழித்தால் தரைவேகம்' என்று எழுத வேண்டிவரும். சிமுலேட்டரில், அதாவது கணினியில் விமானம் ஓட்டிப் பழகும் நிரலில், புதிதாக உட்காருகிற பிள்ளை அந்த வரியிலேயே நின்றுவிடும்.

அதைவிடப் பெரிய சிக்கல் 'உண்மை'. ஒன்றை உண்மை என்று சொன்னதுமே மற்றது பொய்யாகிவிடுகிறது. நானே இதில் மாட்டியிருக்கிறேன். ஃபிளைட் சிமுலேட்டர் எக்ஸில் இந்த இரண்டில் எந்த வேகத்தை அளவியில் காட்டுவது என்று ஒரு தேர்வு உண்டு. உண்மையானதுதானே நல்லது என்று அதைப் போட்டுவிட்டு, செஸ்னா 172 என்ற சிறு விமானத்தை லடாக்கின் லே ஓடுபாதைக்குக் கொண்டுபோனேன். அந்த இடமே 10,682 அடி உயரம். முள் 65 நாட்டில் (நாட் என்பது மணிக்கு ஒரு கடல்மைல், knot) நிற்கிறது, மடிப்பிறக்கை (இறக்கையின் பின்விளிம்பில் இறங்கும் பலகை, flap) இன்னும் இறக்கவில்லை, நிதானமாகத்தான் வருகிறோம் என்று கடைசித் திருப்பத்தில் 45 பாகை சாய்த்தேன், அவ்வளவுதான், ஸ்டால், இறக்கை தூக்கும் திறனை இழந்துவிட்டது. அங்கே காற்று மெலிந்திருப்பதால் இறக்கைக்குக் கிடைத்த அழுத்தம் கடல்மட்டத்தில் 55 நாட்டுக்குக் கிடைப்பதுதான். நேராகப் பறக்கையில் 48-இல் தூக்கும் திறனை இழக்கிற இறக்கை, அந்தச் சாய்வில் 57-லேயே இழந்துவிடும்.

வேகமானிக்காக விமானத்தின் வெளியே முன்நோக்கிப் பொருத்தியிருக்கும் பிட்டோ குழாய் அளப்பது முகத்தில் மோதும் காற்றின் அழுத்தத்தை. இறக்கையைத் தூக்குவதும் அதே அழுத்தம். அதனால் இறங்கும்போது ஓட்டுபவர் நம்ப வேண்டியது இந்த அழுத்தத்தைக் காட்டும் வழக்கமான முள்ளைத்தான், நான் தேர்ந்தெடுத்த 'உண்மை'யை அல்ல. அந்த முள், கன மீட்டருக்கு 1.225 கிலோ என்ற கடல்மட்ட அடர்த்திக்குக் கீறப்பட்டது, மேலே போகப்போகக் குறைத்துக் காட்டும், ஆயிரம் அடிக்கு ஏறக்குறைய 2 சதவீதம். 35,000 அடியில் ஒரு போயிங் 737 காற்றைக் கிழித்துக்கொண்டு 450 நாட்டில் போகும்போது முள் 265-ஐ ஒட்டித்தான் நிற்கும்.

அதனால் உண்மை, பொய் எல்லாம் வேண்டாம், எதை அளக்கிறதோ அதை வைத்தே பெயரிடுவோம். அளவி காட்டுவது 'முள்வேகம்'. காற்றினூடே விமானம் போகும் வேகம் 'காற்றூடு வேகம்'. தரைவேகம் அப்படியே இருக்கட்டும். குழாய் பொருத்திய இடத்தாலும் கருவியாலும் வரும் பிழையை நீக்கினால் 'திருத்திய முள்வேகம்'. இண்டிகேட்டட் ஏர்ஸ்பீடு என்பதை ஐஏஎஸ் என்று சுருக்கி எழுதவும் முடியாது, படிப்பவருக்கு மாவட்ட ஆட்சியர்தான் நினைவுக்கு வருவார்.

புது விமானங்களில் முள்ளே இல்லையே, திரையில் எண்தானே ஓடுகிறது என்று கேட்பீர்கள். சரிதான். ஆனால் கைப்பேசியைப் பார்த்தும் 'மணி என்ன' என்றுதானே கேட்கிறோம், அங்கே எந்த மணி அடிக்கிறது? சொல் ஒட்டிக்கொண்டால் பொருள் தானாக வந்துவிடும்.

இதை ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள் ஐயா: 'லேயில் இறங்கும்போது முள்வேகம் 65, காற்றூடு வேகம் 76, எதிர்க்காற்று 10, அப்போது தரைவேகம் 66.' எங்கே இடறுகிறது என்று எழுதுங்கள், அந்த இடத்தை மாற்றுவோம்.