ஃபோர்வீல் வண்டிக்கு சைக்கிள் ரேக்: மலேசியா, கோலகுபு பாரு பக்கத்து அனுபவங்கள், நடந்ததை எழுதுங்கள்

லயத்துப்பையன்

டோ பாரில், அதாவது வண்டியின் பின்னால் இருக்கும் இழுவைக் கம்பியில், செருகுகிற ரேக், இரண்டு சைக்கிள் நிற்கும் வகை. எல்லாருக்கும் தெரிந்ததுதான், நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

கெர்லிங் பக்கம் ஒரு தோட்டத்துக்குள் செம்மண் பாதை. மழை விட்ட மறுநாள். ஏற்றம் முழுக்க லோ கியரில் உறுமிக்கொண்டே ஏறினேன். மேலே போனதும் எதிரே, பாமாயில் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றிய லாரி. ஒதுங்கி நின்றேன். ஏர்கோன் போய்விடுமே என்று எஞ்சினை அணைக்கவில்லை. லாரி போனது, பின்னால் டிராக்டர், அதற்கும் பின்னால் இன்னொரு லாரி. அப்போதுதான் அந்த நாற்றம்.

ரப்பர் ஷீட் புகைபோடும் கொட்டகைக்குப் பக்கத்துத் தொழிலாளர் லயத்தில் வளர்ந்தவன் நான். ரப்பர் வாடை எனக்குப் புதிதில்லை. இது வேறு மாதிரி, காரமாக, தொண்டையில் போய் ஒட்டுகிறது. இறங்கிப் பார்த்தால் எக்ஸாஸ்ட் குழாயின் வாய் நேராக என் சைக்கிளின் பின் டயரைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. டயரின் பக்கச்சுவர் ஒரு கை அகலத்துக்குப் பளபளவென்று உருகி, உள்ளே நூல் தெரிந்தது. தொட்டேன், விரலில் ஒட்டிக்கொண்டது.

கடையில் டோ பார் துளையை அளந்தார்கள், சைக்கிள் எடையைக் கேட்டார்கள், சக்கரம் 29 இன்ச்சா என்றார்கள். எக்ஸாஸ்ட் எந்தப் பக்கம் வெளியே வருகிறது என்று ஒருவர்கூடக் குனிந்து பார்க்கவில்லை. இன்றைக்கும் எனக்கு ஆறாதது அதுதான். டயர் போனால் போகட்டும், ரிம் கார்பனாக இருந்திருந்தால்?

மேல்கூரைக்காரன்

பின்னால் மாட்டினால் இப்படித்தான். சைக்கிளுக்கு இடம் கூரைதான். சேறு தெறிக்காது, புகை படாது, எவனும் வந்து இடிக்க மாட்டான்.

எனக்கும் ஒன்று நடந்தது, ஆனால் அது ரேக்கின் குற்றமில்லை. பத்தாங்காலியிலிருந்து உள்ளே போகும் தோட்டச் சாலை, மறுநடவு செய்து சில வருடம் ஆன செம்பனை. அந்த வயது மரத்தின் மட்டை எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, இரண்டு பக்கமும் சாலைக்குள் சாய்ந்து கிடக்கும். மெதுவாகத்தான் போனேன். மேலே சரக்கென்று ஒரு சத்தம், வண்டி முழுவதும் ஒரு குலுக்கு. ஒரு மட்டை என் மனைவி சைக்கிளின் ஹேண்டில்பாருக்கும் பிரேக் கேபிளுக்கும் நடுவில் போய்ப் பூட்டிக்கொண்டது. வண்டியைப் பின்னால் எடுத்தால் இன்னும் இறுகுகிறது, முன்னால் விட்டால் கேபிள் நீள்கிறது. மட்டையின் அடியெல்லாம் முள், கையால் பிடிக்க முடியாது. அறுவடைக்கு வந்த ஒருவர் நீளக் கத்தியோடு வந்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு வெட்டிவிட்டார். காசு வாங்கவில்லை. மனைவி அன்றைக்கு என்னோடு பேசவில்லை.

இருந்தும் சொல்கிறேன், கூரைதான் நல்லது. மட்டையைப் பார்த்து ஓட்டினால் போதும்.

டெயில்கேட்_பேட்

மேல்கூரை அண்ணே, மட்டையைப் பார்த்து ஓட்டினால் பாதையை யார் பார்ப்பது? ஹைலக்ஸ் மாதிரி பிக்கப் கிட்டத்தட்ட 1.8 மீட்டர் உயரம். அதற்கு மேல் சைக்கிளை நிறுத்தினால் 3 மீட்டரைத் தொடும். பேரங்காடி கார் பார்க்கிங்கில் பல இடங்களில் கம்பி 2.1 மீட்டரில் தொங்குகிறது. வாரம் முழுக்கத் தோட்டத்திலேயே இருப்பவருக்குச் சரி, ஞாயிற்றுக்கிழமை ரவாங் போய்ச் சாமான் வாங்குகிறவருக்கு? அதோடு 15 கிலோ சைக்கிளைத் தலைக்கு மேல் தூக்க வேண்டும். மின் சைக்கிள் என்றால் 22, 25 கிலோ. சவாரி முடிந்து கால் நடுங்கும்போது தூக்கிப் பாருங்கள்.

பிக்கப் வைத்திருப்பவருக்கு டெயில்கேட் பேட், அதாவது சரக்குப் பெட்டியின் பின்கதவில் போர்த்தும் மெத்தை, போதும். முன் சக்கரம் வெளியே தொங்கும், பின் சக்கரம் பெட்டிக்குள். பிரேமின் கீழ்க்குழாய் பேட்டின் மேல் சாயும், ஒரு வார் போட்டுக் கட்டினால் முடிந்தது. ஆனால் சில விஷயம். செம்மண் காய்ந்தால் உப்புத்தாள்தான், பேட்டுக்கும் பிரேமுக்கும் நடுவில் சிக்கினால் பெயிண்டைத் தேய்த்துவிடும். கட்டுவதற்கு முன் இரண்டையும் துடையுங்கள், கீழ்க்குழாயில் ஒளிபுகும் பாதுகாப்பு டேப் ஒட்டுங்கள். பின்கேமரா டெயில்கேட்டில் இருந்தால் அதற்குத் திறப்பு வைத்த பேட் வாங்குங்கள். பக்கத்துப் பெடல் அடுத்த பிரேமில் இடிக்காதபடி ஒன்றைவிட்டு ஒன்று உயரம் மாற்றி வையுங்கள். கார்பன் பிரேம் வைத்திருப்பவர்கள், குழாயைக் கவ்விப் பிடிக்கிற எந்த ரேக்கையும் தொடாதீர்கள். சக்கரத்தைப் பிடிக்கிற வகைதான் சரி. முன் சக்கரத்தைக் கழற்றி ஃபோர்க்கைப் பூட்டும் ரேக் என்றால் உங்கள் அச்சு அளவுக்கு அடாப்டர் உண்டா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

என் கதை சின்னது. மாமாக் கடையில் (இந்திய முஸ்லிம் உணவகம்) தே தாரிக் (இழுத்து ஆற்றிய பால் தேநீர்) குடிக்க உட்கார்ந்தேன், வண்டி கண்ணெதிரே. பேட்டின் வார் வெறும் துணிதானே. ஒரு பையன் போகிற போக்கில் கொக்கியைக் கழற்றினான், நான் எழுந்து கத்தியதும் ஓடினான். அவன் கை வைத்த வேகம்தான் இன்னும் கண்ணில் நிற்கிறது. பூட்டுச் சங்கிலி போடுங்கள்.

கெம்பாரா அக்கா

எல்லாரும் பிக்கப் பற்றியே பேசுகிறீர்கள். எங்கள் அண்ணனின் பழைய கெம்பாரா, சின்ன ஃபோர்வீல், பின்கதவில் ஸ்பேர் சக்கரம். அதன் மேல் வார் போட்டுக் கட்டும் தொங்கு ரேக். சைக்கிள் இருக்கும்போது பின்கதவைத் திறக்கவே முடியாது, தண்ணீர் போத்தல்கூட முன்னால்தான்.

பெர்த்தாக்கிலிருந்து இறங்கி வரும்போது இருட்டிவிட்டது. சாலைத் தடுப்பு. அதிகாரி டார்ச் அடித்துக்கொண்டு பின்னால் போனார். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் என் ஜன்னலுக்கு வந்து, "நம்போர் மானா, காக்?" (எண் எங்கே, அக்கா?) என்றார். எண் பலகையை சைக்கிள் சக்கரம் மறைத்திருந்தது, இடது விளக்கையும். சரி, வாயால் சொல்லுங்கள் என்றார். அண்ணன் வண்டி, எனக்கு எண் ஞாபகம் வரவில்லை! ரோட் டேக்ஸைத் தேடுகிறேன், கை நடுங்குகிறது, பின்னால் வண்டிகள் வரிசை கட்டுகின்றன. சைக்கிளை இறக்கி உள்ளே திணித்துக்கொண்டு போகச் சொன்னார். சம்மன் இல்லை. திணிக்கிற வரை பக்கத்திலேயே டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார், பாவம்.

யார் எந்த ரேக் வாங்கினாலும் பலகையும் விளக்கும் மறைகிறதா என்று ராத்திரியில் ஒரு தடவை பாருங்கள்.

ஸ்பேனர் 17

லயத்துப்பையன் தம்பி, எக்ஸாஸ்ட் வாயில் கீழ்நோக்கித் திரும்பும் துண்டுக் குழாய் ஒன்றைப் பொருத்தினால் முடிந்தது. இதற்காக ரேக்கை மாற்றத் தேவையில்லை.

மற்றவர்களுக்கும் சொல்கிறேன். நம் ஊர்ப் பிக்கப் பலவற்றில் டோ பாரில் சதுரத் துளை கிடையாது, நுனியில் வெறும் இரும்பு உருண்டைதான், 50 மில்லிமீட்டர். அமெரிக்க ரேக்கெல்லாம் 2 இன்ச் அல்லது ஒன்றேகால் இன்ச் சதுரத்துக்குச் செய்தவை. உருண்டையைக் கவ்வும் ஐரோப்பிய வகை தனி. வாங்கிவிட்டு வெல்டிங் கடைக்கு ஓடாதீர்கள். ஒன்றேகால் இன்ச்சுக்கு அடாப்டர் போட்டு 2 இன்ச் ரேக் மாட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். ரேக் இன்னும் வெளியே தள்ளி நிற்கும், ஒவ்வொரு பள்ளத்திலும் நெம்புகோல் வேலை செய்யும். ஆட்டத்தை நிறுத்த இறுக்கும் போல்ட் இல்லாத ரேக்கை மண் பாதைக்குக் கொண்டு போகவே கூடாது. கையேட்டையும் படியுங்கள், கரடுமுரடான பாதைக்கு எடை வரம்பைக் குறைத்துப் போட்டிருப்பார்கள், சிலர் அனுமதிப்பதே இல்லை. மேடுபள்ளத்தில் வாய்க்கால் கடக்கும்போது பின்பக்கம் முதலில் தரையைத் தொடுவது ரேக்தான். நான் பார்த்த ரேக்கெல்லாம் அடியில் கீறிக் கிடக்கும். போல்ட்டை முதல் இருபது கிலோமீட்டர் ஓட்டியதும் நிறுத்தி மறுபடி முறுக்குங்கள்.

என் சொந்த அனுபவம்? வொர்க்‌ஷாப்பில் பின்னுக்கு எடுத்த வண்டியில் மடித்து வைத்த ரேக் இருந்தது, என் முழங்கால்தான் முதலில் கண்டுபிடித்தது.

மேல்கூரைக்காரன்

அடியில் கீறுகிறது, எண் மறைகிறது, பையன் கழற்றுகிறான், டயர் உருகுகிறது, முழங்காலிலும் இடிக்கிறது. நான் வேறு என்ன சொல்ல?

கெம்பாரா அக்கா

மட்டை வெட்டிய ஆள் நம்பர் இருந்தால் போடுங்கள் அண்ணே, தேவைப்படும்.

லயத்துப்பையன்

ஸ்பேனர் அண்ணே, துண்டுக் குழாய் போட்டாகிவிட்டது, நன்றி. இப்போது புகை தரையில் மோதி தூசியெல்லாம் சங்கிலியில் வந்து உட்காருகிறது. டெயில்கேட் அண்ணே, அந்தப் பேட் எத்தனை வெள்ளி (ரிங்கிட்)?