நகல் கையில் கிடைத்த அன்று: குற்ற வழக்குகளில் எங்கள் அனுபவங்கள்

தம்பி வழக்குக்காக அலையும் அக்கா:

அடிதடி வழக்கு. என் தம்பி இரண்டாம் எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்களில் இரண்டாமவன். குற்றப்பத்திரிகை நகலைக் கொடுத்துவிட்டு, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். எங்கள் வக்கீல் அம்மா பேனாவை வாங்கி வைத்துக்கொண்டார். நீதிமன்ற வராந்தாவிலேயே உட்கார்ந்து ஆவணப் பட்டியலையும் தாள்களையும் ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தோம். பட்டியலில் 'டீக்கடை சிசிடிவி பதிவு, பென் டிரைவ் 1' என்று இருந்தது. கட்டில் பென் டிரைவ் இல்லை. காயச் சான்றின் பின்பக்கத்தை ஜெராக்ஸ் எடுக்கவே இல்லை. பறிமுதல் மகஜரில் (பொருளைக் கைப்பற்றும்போது போலீஸ் எழுதும் குறிப்பில்) நேரம் எழுதிய இடம் கறுப்பாகப் படிந்து வாசிக்க முடியவில்லை.

'முழு நகலும் பெறவில்லை' என்று எழுதிய பிறகுதான் கையெழுத்து. அடுத்த வாய்தாவில் மனு போட்டோம். பென் டிரைவ் சான்றுப்பொருள், அதற்கு நகல் கிடையாது என்றது அரசுத் தரப்பு. வக்கீல் அம்மா, மலையாள நடிகர் திலீப் போட்ட மேல்முறையீட்டில் 2019-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதை எடுத்துக் காட்டினார்: மெமரி கார்டில் உள்ள பதிவும் ஆவணம்தான், அரசுத் தரப்பு அதை நம்பி வழக்கு நடத்தினால் எதிரிக்குப் பிரதி தர வேண்டும். (அந்த வழக்கில் மட்டும் பாதிக்கப்பட்ட பெண்ணின் அந்தரங்கத்துக்காகப் பிரதி தராமல், பார்க்க மட்டும் அனுமதித்தார்கள். ஒரு பெண்ணாக எனக்கு அது நியாயமாகவே படுகிறது.)

எங்களுக்குப் பிரதி கிடைத்தது. பதிவில் தம்பி நிற்கிறான். சண்டையை விலக்குகிறானா, ஆளைப் பிடித்துக்கொடுக்கிறானா என்று எனக்கே தெளிவாகத் தெரியவில்லை. ஆனாலும் கூண்டில் சாட்சி ஏறும் முன்பே அதைப் பார்த்துவிட்டோம்.

வக்கீல் குமாஸ்தா, தென் மாவட்டம்:

2024 ஜூலை 1-க்குப் பிறகு வந்த வழக்கென்றால், குற்றவியல் நடைமுறைக்கான புதிய சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 230-ஆம் பிரிவுப்படி எதிரி ஆஜரான 14 நாளுக்குள் நகல் தர வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 207-ஆம் பிரிவில் 'தாமதமின்றி' என்று மட்டும்தான் இருந்தது.

நகல் கட்டில் குடும்பத்தாரைக் கலங்கடிப்பது ஒப்புதல் வாக்குமூலம்தான். 'நான்தான் செய்தேன்' என்று பக்கம் பக்கமாக இருக்கும், கீழே பிள்ளையின் கையெழுத்து. ஒரு தாய் அதைப் படித்துவிட்டு எங்கள் ஆபீஸ் படியிலேயே உட்கார்ந்து அழுதார். போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் எதிரிக்கு எதிராகச் சாட்சியம் ஆகாதும்மா என்று விளக்கிச் சொன்னேன். கத்தியை ஒளித்த இடத்தைச் சொல்லி, அதன்படி கத்தி கிடைத்தால் அந்த வரி மட்டும் செல்லும். 'அதால்தான் குத்தினேன்' என்ற வரி செல்லாது. சுதந்திரத்துக்கு முன்பே, புலுகுரி கோட்டையா வழக்கில், அப்போது மேல்முறையீட்டுக்கு உச்ச மன்றமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் தீர்த்துவைத்த சங்கதி இது. ஆனாலும் முழு வாக்குமூலமும் நீதிமன்றக் கட்டில் கிடக்கிறது. நீதிபதி கண்ணில் படத்தானே செய்யும்? இது எனக்கு நெடுநாள் ஆதங்கம். விசாரணையில் ஆவணத்துக்குச் சான்று எண் கொடுத்துக் குறியீடு செய்யும்போது, ஏற்கத்தக்க பகுதியை மட்டும் குறிக்கச் சொல்லி எங்கள் சீனியர் எழுந்து ஆட்சேபம் சொல்வார்.

கஞ்சா வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர்:

'வாரண்ட் இல்லாமல் சோதனை போட்டார்கள், எடுத்தது செல்லாதுதானே சார்?' என்று கேட்காத கட்சிக்காரர் இல்லை. விசாரணைக்கு முன்பே தனி மனுவில் சாட்சியத்தை நீக்கும் வழக்கம் அமெரிக்காவில் உண்டு; இங்கே அப்படி இல்லை. சோதனை முறைகேடு என்பதாலேயே கிடைத்த பொருளைத் தள்ளிவிட முடியாது என்று 1973-லேயே பூரண்மல் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. போதைப்பொருள் சட்டத்தின் 50-ஆம் பிரிவு இதற்கு விலக்கு. உடலைச் சோதிக்கும் முன், கெசட்டட் அதிகாரி அல்லது நடுவர் (மாஜிஸ்திரேட்) முன்னிலையில் சோதிக்கக் கேட்கும் உரிமை உண்டென்று ஆளிடம் சொல்ல வேண்டும். சொல்லாமல் எடுத்ததை வைத்துத் தண்டிக்க முடியாது என்றது 1999-ன் பல்தேவ் சிங் தீர்ப்பு. ஆனால் தோள்பையில் இருந்து எடுத்தால் இந்தப் பாதுகாப்பு இல்லை. பெரும்பாலான குடும்பங்கள் இங்கேதான் நம்பிக்கை இழக்கின்றன.

அவர்களிடம் நான் முதலில் கேட்பது வீடியோவை. இப்போது புதிய சன்ஹிதாவின் 105-ஆம் பிரிவுப்படி சோதனையையும் பறிமுதலையும் செல்போனிலாவது பதிவு செய்து, தாமதமின்றி நடுவருக்கு அனுப்ப வேண்டும். ஒரு வழக்கில் மகஜர் 'பேருந்து நிறுத்தம் அருகே' என்றது. வீடியோவில் பையைத் திறப்பவருக்குப் பின்னால் சுவர்க் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. நகல் மனுவிலேயே அந்தப் பதிவையும் கேளுங்கள். ஹாஷ் மதிப்பு (பதிவு மாற்றப்படவில்லை என்று சரிபார்க்க உதவும் குறியீட்டு எண்) எழுதிய, புதிய சாட்சியச் சட்டத்தின் 63(4) பிரிவுச் சான்றிதழ் கூடவே வந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.