விரத நாளில் சின்பவுங்: நாப்பிக்குப் பதில் என்ன போடலாம்?

யாங்கோன் மருமகள்:
வீட்டில் பங்குனி உத்திரக் காவடிக்கு விரதம். வெங்காயம், பூண்டு சேர்ப்போம். மீனும் இறாலும்தான் ஆகாது, அதனால் மீன், இறாலைப் புளிக்கவைத்த நாப்பி விழுதும் போட முடியாது. குழம்பு, கூட்டெல்லாம் சமாளித்துவிடலாம். சின்பவுங் வதக்கல் மட்டும் (நம்ம புளிச்சகீரைதான், மூங்கில் குருத்து போட்டது) சப்பென்று இருக்கிறது. உப்பைக் கூட்டினால் உப்பு தனியாக, புளிப்பு தனியாக நாக்கில் படுகிறது. கெட்டி சோயா சாஸ் ஊற்றினால் கீரை கறுத்து இனிக்கிறது. மாமியார் வேறு, "நாப்பி இல்லாட்டி இதைச் செய்யவே வேணாம்" என்கிறார். வழி இருக்கா?

ஷான் பக்கத்து ஆள்:
பெபோக் போடுங்க அக்கா. சோயாவை வேகவைத்து, புளிக்கவிட்டு, அரைத்து, அப்பளம் மாதிரித் தட்டிக் காயவைப்பார்கள். ஷான் மாநிலச் சாமான் விற்கிற கடையில் கேளுங்க. சிறு தீயில் இரண்டு பக்கமும் வாட்டி, வறுத்த வாசம் வந்ததும் எடுத்து இடிக்கணும். வாட்டாமல் போட்டால் பச்சை நாற்றம் போகாது, கருகினால் கசக்கும். வாட்டும்போது ஜன்னலைத் திறந்து வையுங்க, இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுக்காரர் விரதத்தையே சந்தேகப்படுவார்.

அடுப்படி அண்ணன்:
அதோடு ஒன்று. நாப்பி இரண்டு வேலை செய்கிறது: உப்பும் அதுதான், ருசிக்கு அடித்தளமும் அதுதான். புளிக்கும்போது புரதம் உடைந்து, ருசியைக் கூட்டுகிற குளுட்டமேட் வருகிறது. அது சோயாவிலும் வரும். ஆனால் பெபோக்கைப் பெரும்பாலும் உப்பில்லாமல் புளிக்கவைப்பதால், நாப்பி அளவுக்கு உப்பு இருக்காது. அதனால் உப்பைத் தனியாகப் போட்டே ஆகணும். சிலர் உப்பு, மிளகாய், இஞ்சி சேர்த்தும் தட்டுவார்கள், முதலில் கொஞ்சம் கிள்ளி வாயில் போட்டுப் பாருங்க.

ஞாங்ஊ தங்கச்சி:
எங்க பாகன் ஊர்ப் பக்கத்துப் போன்யேஜியை மறந்துட்டீங்களே! கொள்ளு வேகவைத்த சாற்றைப் புளிக்கவிட்டுச் சுண்டக் காய்ச்சிய கறுப்பு விழுது. சுத்த சைவம். ஆனால் அதுவே கொஞ்சம் புளிக்கும், நிறமும் கறுப்பு. சின்பவுங்குக்கு எனக்குப் பிடிக்காது. பச்சை வெங்காயம், மிளகாய், கடலை எண்ணெய் விட்டுப் பிசைந்து சோற்றோடு தின்றால்தான் அதன் அருமை தெரியும்.

யாங்கோன் மருமகள்:
சரி, பெபோக்கை எப்போது போடணும்? கீரையோடவா?

ஷான் பக்கத்து ஆள்:
இல்லக்கா, எண்ணெயில். வெங்காயம், பூண்டு, மஞ்சள், மிளகாய் வதங்கி எண்ணெய் பிரியும்போது பொடியைப் போட்டுக் கிளறிட்டு, அப்புறம் மூங்கில் குருத்து, கடைசியில் கீரை. ஒரு சட்டிக்கு ஒரு வட்டை போதும். இன்னும் குறைகிற மாதிரி இருந்தால், காய்ந்த காளான் ஊறவைத்த தண்ணீரைத் தெளித்து வதக்குங்க.

அடுப்படி அண்ணன்:
கடையில் பொரித்து டப்பாவில் வருகிற பெபோக் கலவையை வாங்கினால், பின்னால் எழுதியிருப்பதைப் படிச்சுட்டு வாங்குங்க. சிலதில் இறால் பொடி கலந்திருக்கும். காவடி வீட்டுக்கு வெறும் வட்டைதான் சரி.