கலைச்சொல் வேண்டும்: தலைக்குள் இரத்தம், கண்ணுக்குள்ளும் இரத்தம்

அன்பர்களே,

களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் ஒரு மருத்துவமனையில் செவிலியர் வேலை. மூளையைப் போர்த்தியிருக்கும் சிலந்திச்சவ்வுக்கு (சிலந்திவலை போன்ற மெல்லிய உறை) அடியில் இரத்தநாளம் வெடித்து வருகிறவர்களின் வீட்டாருக்குத் தமிழில் ஒரு கையேடு எழுதுகிறேன். மலையாளத்தில் இருக்கிறது, தமிழ் திங்கள் மாலை அச்சுக்குப் போகணும். சிலருக்குக் கண்ணுக்குள்ளும் இரத்தம் தேங்கும். 1900இல் பிரெஞ்சு கண் மருத்துவர் ஆல்பர்ட் டெர்சன் எழுதியதால் டெர்சன் சிண்ட்ரோம் என்கிறார்கள். நினைவு திரும்பியவர் "ஏன் இருட்டாயிருக்கு?" என்று கேட்டபிறகுதான் பல வீட்டாருக்கும் தெரியவருகிறது. தமிழில் என்ன போட?

— செவிலியர், களியக்காவிளை

விழிக்குருதிப் பெருக்கு என்க. 'இரத்தம்' வடசொல். சிலந்தி என்றால் புண்கட்டியும்தான். பழைய சொல் சிலம்பி. ஆகவே சிலம்பிச்சவ்வு. சிலம்பிக்கும் சிலம்புக்கும் உறவுண்டா என்று தனி மடலில் எழுதுகிறேன்.

— ஓய்வுபெற்ற தமிழாசிரியர், நாகர்கோவில்

புலவர் ஐயா, தனி மடலே போதும். எங்கள் பக்கம் குருதி என்றால் கோயிலில் மஞ்சளும் சுண்ணாம்பும் கலக்கிய செந்நீர். அதோடு 'பெருக்கு' என்றால் கண்ணிலிருந்து ஒழுகுகிறது என்று தோன்றும். இந்த நோயில் வெளியே பார்த்தால் கண் வெள்ளையாகவே இருக்கலாம். உட்செங்கண் எப்படி?

— பாலக்காடு

வேண்டாம் அண்ணே! செங்கண்ணு என்றால் இங்கே கண்ணோய். சொட்டு மருந்து வாங்கப் போய்விடுவார்கள்.

— செவிலியர்

இரத்தம் தேங்குவது கண்ணை நிறைத்திருக்கும் கூழில். அந்தக் கூழை இலங்கைப் பாடநூல்கள் 'கண்ணாடியுடனீர்' என்கின்றன. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிறீன் தமிழிலேயே மருத்துவம் கற்பித்த மரபு அது. நாம் புதிதாக முட்டிக்கொள்வானேன்?

— கொழும்புத் தமிழன், தற்போது செங்கோட்டை

எங்க வார்டு ஆயாவிடம் சொல்லிப் பார்த்தேன். "கண்ணாடியில ரத்தமா? துடைச்சாப் போச்சே" என்றார்.

— செவிலியர்

கண்+ஆடி! ஆடி என்பதே தூய சொல். அதை மூக்குக்கண்ணாடிக்குக் கொடுத்தது நம் பிழை. வேண்டுமானால் விழிப்பளிங்கு என்க; குறள் 706இலேயே பளிங்கு உண்டு.

— தமிழாசிரியர்

பளிங்கு வடமொழி 'ஸ்படிக'த்தின் பேரப்பிள்ளை, ஐயா. அதற்குக் கதவு திறந்தால் இரத்தத்துக்கும் திறக்கணும்.

— பாலக்காடு

நான் மருத்துவன், கொஞ்சம் குறுக்கிடுகிறேன். ஜெர்மனியில் லிட்டன் என்ற மருத்துவர் 1881லேயே இதைக் குறித்தார். ஆகவே பெயர்ச்சண்டை அங்கும் உண்டு. நமக்குச் சிக்கல் வேறு. சர்க்கரை நோயிலும் கண்ணுக்குள் இரத்தம் கசியும், ஆகவே காரணம் பெயரில் வரவேண்டும். 'மூளைவழி விழிக்கசிவு' என்றால் இரத்தமே தலையிலிருந்து கண்ணுக்கு இறங்கியதாக ஆகிவிடும். பலரும் சொல்வது, தலைக்குள் சட்டென்று ஏறிய அழுத்தம் பார்வை நரம்பின் உறைவழி எட்டி, விழித்திரையின் நுண்நாளங்கள் உடைகின்றன என்பது. அதிலும் வாதம் ஓயவில்லை. 'அழுத்த விழிக்கசிவு' என்றாலோ கண் அழுத்த நோயோடு குழம்பும். சொல் கிடைக்காவிட்டாலும் ஒன்று எழுதுங்கள் டீச்சரம்மா: பலருக்குச் சில மாதங்களில் தானே வடியும், வடியாவிட்டால் அறுவை செய்து கூழை அகற்றலாம். வீட்டாருக்கு வேண்டியது அதுதான்.

— தக்கலை

டீச்சர் இல்லை சார், சிஸ்டர். 'கண்ணுக்குள் இரத்தக்கசிவு — டெர்சன் நோய்த்தொகை' என்று தலைப்பு. காரணம் அடுத்த வரியில். மூன்று பேர் சரி என்றார்கள், மற்றவர்கள் தூங்கிவிட்டார்கள் போல. அனுப்பிவிட்டேன்.

— செவிலியர்

'இரத்தம்' போடுவதானால் நன்றியுரையில் என் பெயர் வேண்டாம். சிலம்பி பற்றிய மடல் தனியே வருகிறது, எல்லோருக்கும்.

— தமிழாசிரியர்